கேட்போர் ஆற்றுப்படை: மேலை நாட்டார் இசையில் புதுப் பாடகரைக் கண்டடையும் மரபு

பரிசில் பெற்று மீளும் பாணன், வறுமையுற்று எதிரே வரும் மற்றொரு பாணனைக் கண்டு, தான் சென்ற வழியையும் தான் கண்ட வள்ளலின் இயல்பையும் எடுத்துரைத்து, அவனையும் அங்கே செல்லுமாறு நெறிப்படுத்துவது ஆற்றுப்படை. பத்துப்பாட்டுள் சரிபாதியாகிய ஐந்து பாட்டுகள் இத்துறை சார்ந்தவை. தொல்காப்பியப் புறத்திணையியல் இதற்குக் கூறும் இலக்கணத்தில் ஒரு நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது. பெற்றவனே பெறாதவனுக்கு வழி கூறவேண்டும். செவிவழிச் செய்தியாக ஒரு வள்ளலைப் பற்றி அறிந்தவன் கூறுவது ஆற்றுப்படை ஆகாது.

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்ந்த நாட்டார் இசை இயக்கத்தில், கேட்போர் ஒருவர்க்கொருவர் புதிய பாடகர்களை அறிமுகப்படுத்தி வந்த முறையை இத்துறையோடு ஒப்பவைத்து நோக்கலாம். வேறுபாடு ஒன்று உண்டு. சங்கப் பாட்டில் கலைஞன் கலைஞனைப் புரவலனிடம் ஆற்றுப்படுத்துகிறான். இங்கே கேட்பவர் கேட்பவரைக் கலைஞரிடம் ஆற்றுப்படுத்துகிறார். வள்ளலின் இடத்தில் பாடகர் நிற்கிறார். பெறும் பரிசில் பாட்டு. இந்த இடமாற்றத்தைக் கருத்தில் கொள்ளாமல், தனியொருவர் இயற்றித் தனியொருவர் பாடும் பாட்டை மேலைநாட்டார் ஏன் 'நாட்டார் இசை' என்ற பெயரால் வழங்குகின்றனர் என்பதை விளங்கிக்கொள்ள இயலாது.

தேர்வு என்னும் கூறு

தாமே சொல் அமைத்து, தாமே இசை கூட்டி, தாமே பாடுவோரைக் கருநாடக இசை மரபு வாக்கேயக்காரர் என்கிறது. கித்தாரை ஏந்திக் காப்பிக்கடை மேடையில் பாடும் இளைஞருக்கு அச்சொல் பொருந்தி வராது. எனவே பாடலாசிரியப் பாடகர் என்றே இங்குக் குறிக்கப்பெறுகிறது. நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் இல்லை என்பது தமிழாய்வில் நெடுங்காலம் ஓர் எடுகோளாகவே இருந்து வந்துள்ளது. அவ்வாறாயின் பெயரும் முகமும் உரிமைப்பதிவும் உடைய ஒருவரின் பாட்டு நாட்டார் பாட்டாவது எங்ஙனம் என்ற வினா எழும்.

இதற்கு விடை பழைய வரையறையிலேயே இருக்கிறது. செசில் ஷார்ப் 1907-இல் வெளியிட்ட ஆங்கில நாட்டார் பாடல் பற்றிய நூலில் தொடர்ச்சி, திரிபு, தேர்வு என்னும் மூன்று கூறுகளைக் குறிப்பிட்டார். பன்னாட்டு நாட்டார் இசைக் கழகம் 1954-இல் சாவ் பாவுலோ நகரில் கூடியபோது ஏற்ற வரையறையும் இம்மூன்றையே அடிப்படையாகக் கொண்டது. தனியொருவர் இயற்றிய பாட்டும் ஒரு சமுதாயத்தின் எழுதா மரபில் கலந்துவிட்டால் நாட்டார் பாட்டாகும் என்பதையும் அவ்வரையறை ஒப்புக்கொள்கிறது. முதலிரு கூறுகளைப் பற்றி ஆய்வாளர் நிரம்ப எழுதியுள்ளனர். மூன்றாவதாகிய தேர்வு பாடுவோரின் செயலன்று, கேட்போரின் செயல். களப்பணியில் பாடியவரின் பெயரும் ஊரும் அகவையும் குறிக்கப்படுகின்றன. 'அந்தப் பாட்டைப் பாடு' என்று கேட்டவர் யார் என்பது எந்தத் தொகுப்பிலும் அரிதாகவே இடம்பெறுகிறது. பாடலாசிரியப் பாடகரின் இசையில் திரிபு குறைகிறது. அதற்கு ஈடாகத் தேர்வின் பங்கு பெருகுகிறது. ஆயினும் அத்தேர்வு எந்த ஊடகத்தின் வழி நிகழ்கிறதோ அந்த ஊடகத்தின் இயல்புக்கு ஏற்பவே பாட்டும் அமைந்துவிடுகிறது.

தாள்வழிப் பரவல்

1962 பிப்ரவரியில் நியூயார்க்கில் 'பிராட்சைடு' என்னும் சிற்றிதழ் தொடங்கப்பெற்றது. நடத்தியவர்கள் சிஸ் கன்னிங்ஹாம், அவர்தம் கணவர் கோர்டன் ஃபிரீசன் ஆகிய இருவர். கன்னிங்ஹாம் ஆல்மனாக் சிங்கர்ஸ் குழுவில் பாடியவர். இடதுசாரிச் சார்பு காரணமாக இருவருமே வேலை மறுக்கப்பட்ட காலத்தைக் கடந்து வந்தவர்கள். பீட் சீகரின் ஊக்கம் அவர்களுக்கு இருந்தது. சைக்ளோஸ்டைல் முறையில் சில நூறு படிகளாக உருட்டப்பெற்ற இவ்விதழ், புதிய பாட்டுகளைச் சொல்லும் இசைக்குறியுமாக அச்சிட்டு அனுப்பியது. இதழின் பெயரே பழைய இங்கிலாந்தில் தெருவில் விற்ற ஒற்றைத்தாள் பாடல்களை நினைவூட்டுவது. நம்மிடையே குஜிலிக் கடைகளில் விற்ற மலிவுப் பதிப்புகளை அதற்கு இணையாகக் கூறலாம்.

பாப் டிலனின் 'புளோயிங் இன் த விண்டு' 1962 மே மாதம் இவ்விதழின் ஆறாம் எண்ணில் வெளிவந்தது. அதற்கு முந்தைய மாதம், இதழோடு தொடர்புடைய கில் டர்னர் அப்பாட்டை டிலனிடமே கேட்டுக் கற்று, அன்றிரவே கெர்டிஸ் ஃபோக் சிட்டி என்னும் விடுதி மேடையில் பாடியதாகக் கூறுவர். பாட்டை இயற்றியவரின் குரலில் அது இசைத்தட்டாக வெளிவந்தது 1963 மே மாதத்தில்தான். இடைப்பட்ட ஓராண்டில் தாளைப் பெற்றவர்கள் அதைத் தம் குரலில், தம் கூட்டங்களில் பாடினர். தாளுக்குக் குரல் இல்லை. தாளைப் பெறுபவர் வெறுங் கேட்பவராக இருந்துவிட முடியாது. பாடிப் பார்த்தாலன்றிப் பாட்டு அவருக்குக் கிட்டாது. ஆகவே தாள்வழித் தேர்வில் பிறராலும் பாடத்தக்க பாட்டே நிலைபெற்றது. எளிய மெட்டும், திரும்பத் திரும்ப வரும் வினாவும், இரண்டாம் முறை கேட்கும்போதே வாயில் வந்து அமரும் அடியும் அதன் இலக்கணங்கள். ஷார்ப் கூறிய திரிபுக்கும் இங்கு இடமிருந்தது.

1900-இல் பிறந்த மால்வினா ரெனால்ட்சும், 1951-இல் பிறந்த ஜானிஸ் அயனும் ஒரே இதழின் பக்கங்களில் இடம்பெற்றனர் என்பது எண்ணத்தக்கது. வணிக இசை நிறுவனம் எதுவும் அன்று அறுபது கடந்த மூதாட்டியையும் பதின்பருவச் சிறுமியையும் ஒருங்கே தேர்ந்திராது.

குறையும் சொல்லத்தான் வேண்டும். பிராட்சைடு வெளியிட்டவற்றில் பெரும்பகுதி அன்றாடச் செய்திக்கு மெட்டுப் போட்டவை. செய்தித்தாளின் ஆயுளே பாட்டின் ஆயுளுமாயிற்று. சினத்தைப் பாட்டென்று கொள்ளும் மயக்கம் அவ்விதழுக்கு இறுதிவரை நீங்கவில்லை. 1988 வரை, பணமின்றியும் இடைவிட்டும், அது வந்துகொண்டிருந்தது.

இசைத்தட்டும் இரவு விருந்தும்

இருபதாண்டு கழித்து அதே நகரில் ஜாக் ஹார்டி என்னும் பாடகர் வேறொரு முயற்சியில் இறங்கினார். ஹூஸ்டன் தெருவில் இருந்த அவர் குடியிருப்பில் வாரந்தோறும் பாடலாசிரியர்கள் கூடினர். புதிதாக எழுதிய பாட்டோடு வரவேண்டும், உணவு பாஸ்தா, பின்னர்ப் பாட்டும் திறனாய்வும். 1982-இல் தோன்றிய 'ஃபாஸ்ட் ஃபோக்' இதழ் இக்கூட்டத்தின் விளைவு. இதழோடு ஓர் இசைத்தட்டும் சந்தாதாரருக்குச் சென்றது. 1997 வரை நூற்றுக்கு மேற்பட்ட இதழ்கள் வெளிவந்தன. சூசன் வேகா, ஷான் கால்வின், லைல் லவட், டிரேசி சாப்மன் முதலியோரின் தொடக்கக்காலக் குரல்களை இதன் சந்தாதாரர்களே முதலில் கேட்டனர். சாப்மனின் முதல் தொகுப்பு 1988-இல் உலகெங்கும் விற்றபோது அவரை முன்பே அறிந்திருந்த சிறு கூட்டம் ஒன்று இருந்தது.

இசைத்தட்டு குரலைக் கொண்டுசெல்கிறது. அதனால் தேர்வின் அளவுகோலும் மாறியது. பிறர் பாடத்தக்க பாட்டு என்ற நிலைபோய், இவரே பாடவேண்டிய பாட்டு என்ற நிலை வந்தது. சொற்கள் செறிந்தன, அந்தரங்க அனுபவம் மேலோங்கியது. பாடலாசிரியர்கள் பாடலாசிரியர்களுக்காகவே எழுதும் ஒடுக்கமும் உடன் வந்தது. ஃபாஸ்ட் ஃபோக் தட்டுகளைத் தொடர்ந்து கேட்பவருக்கு நுண்மையின் அயர்வு தோன்றாமல் இராது. எனினும் அவசரப் பதிவின் கரடுமுரடு அவற்றுக்கு ஒரு மெய்ம்மையைத் தந்திருக்கிறது. பின்னர் வந்த செப்பமான நிறுவனப் பதிவுகள் பலவற்றில் அது காணப்பெறவில்லை.

வேகாவின் 'டாம்ஸ் டைனர்' இதற்குத் தக்க சான்று. துணைக்கருவி ஏதுமின்றிப் பாடப்பெற்ற அப்பாட்டு 1984-இல் இவ்விதழின் தட்டில் வெளிவந்தது. 1987-இல் அவருடைய இரண்டாம் தொகுப்பில் இடம்பெற்றது. 1990-இல் டிஎன்ஏ என்ற பெயரில் இயங்கிய இங்கிலாந்து இளைஞர் இருவர், இசைவு பெறாமலே அதனடியில் நடனத் தாளம் ஒன்றைச் சேர்த்துப் பரப்பினர். வழக்குத் தொடர்வதற்கு மாறாக அவருடைய நிறுவனம் அதையே வெளியிட்டது. பாடகரின் தனிக்குரலோடு பிரிக்கவொண்ணாதது என்று தோன்றிய பாட்டிலும் திரிபு புகுந்துகொண்டது. இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. ஜெர்மானியப் பொறியாளர் கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் ஒலிக்கோப்பைச் சுருக்கும் எம்பி3 முறையைச் செப்பம் செய்கையில் இப்பாட்டைச் சோதனைப் பொருளாகக் கொண்டார். தனிக்குரலின் நுட்பம் சிதையாமல் சுருங்கும் வரை முறை திருத்தப்பெற்றது. சிறு வட்டத்தின் தட்டிலிருந்து புறப்பட்ட குரல், பின்னாளில் கோடிக்கணக்கானோர் இணையத்தில் பாட்டைக் கைமாற்றிக்கொண்ட வடிவத்துக்கு உரைகல்லாக அமைந்தது.

டெக்சாசில் 1972 முதல் நடைபெற்றுவரும் கெர்வில் விழாவும் அதன் புதுப்பாடகர் போட்டியும் தனியே ஆராயத்தக்கவை. மேடை நிகழ்ச்சி முடிந்தபின் இரவெல்லாம் தீமூட்டிச் சுற்றியமர்ந்து பாடும் வழக்கமே அவ்விழாவின் உயிர் என்ற அளவில் இங்கு அமையும்.

இணையவெளி

இணையம் இம்மரபில் செய்த மாற்றத்தை வாஷ்டி பன்யன் என்னும் இங்கிலாந்துப் பாடகியின் வரலாறு நன்கு காட்டும். ஸ்காட்லாந்துத் தீவுகளை நோக்கிக் குதிரைவண்டியில் மேற்கொண்ட நெடும்பயணத்தில் பிறந்த பாட்டுகளை அவர் 1970-இல் ஒரே தொகுப்பாக வெளியிட்டார். எவரும் பொருட்படுத்தவில்லை. அவரும் பாடுவதை நிறுத்திக் குடும்ப வாழ்வில் ஒதுங்கினார். விற்காமற்போன தட்டுகள் பழந்தட்டு விரும்பிகளின் கையில் மெல்லமெல்ல உலவின. 1997 அளவில் கணிப்பொறி வாங்கிய பன்யன், தம் பெயரையே இணையத்தில் தேடியபோது, அறியாத மனிதர்கள் தம் தொகுப்பைத் தேடித் திரிவதையும் அதைப் பற்றி உரையாடுவதையும் கண்டார். 2000-இல் தொகுப்பு மறுபதிப்புப் பெற்றது. தேவேந்திர பான்ஹார்ட் முதலிய இளம் பாடகர்கள் அவரை முன்னோடியாகக் கொண்டனர். முப்பத்தைந்து ஆண்டு இடைவெளிக்குப் பின் 2005-இல் அவருடைய இரண்டாம் தொகுப்பு வெளிவந்தது.

ஆற்றுப்படையில் வள்ளலுக்குத் தெரியாமலே பாணர்கள் ஒருவரையொருவர் அவன் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருப்பர். பன்யனின் வாழ்வில் நிகழ்ந்தது ஏறத்தாழ இதுவே. கேட்போர் கூட்டம் முதலில் உருவாயிற்று. பாடகர் அதன்பின் திரும்பி வந்தார்.

இணையத்தில் ஒருவர் மற்றொருவருக்குப் புதுப் பாடகரைப் பரிந்துரைக்கும் மொழியும் ஆய்வுக்குரியது. அதில் ஒப்புமை முதலிடம் பெறும்: ஜோனி மிட்செல் பிடிக்குமாயின் இவரும் பிடிப்பார் என்பது போல. அடுத்து வழி: எந்தப் பாட்டில் தொடங்கவேண்டும், எதைப் பின்னர்க் கேட்கலாம் என்பது. இறுதியில் தன் அனுபவம். சிறுபாணாற்றுப்படையில் நெய்தலும் முல்லையும் மருதமும் கடந்து செல்லும் வழி கூறப்படுவதோடு இதன் நிரலை ஒப்பிடலாம். 2008-இல் தொடங்கிய பேண்ட்கேம்ப் தளத்தில், ஒரு தொகுப்பை விலைகொடுத்து வாங்கியவர்களின் பெயர்வரிசை அதன் பக்கத்திலேயே காணப்படும். அப்பெயர்களுள் ஒன்றைத் தொட்டால் அவர் வாங்கிய பிற தொகுப்புகள் தெரியும். சொல்பவர் பெற்றவரே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எந்திரப் பரிந்துரை இதனின்று வேறானது. ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2015-இல் தொடங்கிய வாராந்தரப் பட்டியல் ஒவ்வொருவருக்கும் புதிய பாட்டுகளைத் தேர்ந்து தருகிறது. அக்கணக்கீடு வெற்றிடத்திலிருந்து பிறப்பதன்று. கோடிக்கணக்கான கேட்போர் தம் விருப்பத்தால் அடுக்கிய பட்டியல்களே அதன் மூலப்பொருள். வழி கூறியவர்களின் பெயர்கள் அகற்றப்பட்டு வழி மட்டும் எடுத்துக்கொள்ளப்படுகிறது. விரும்பத்தக்க பாட்டு கிடைப்பதில் ஐயமில்லை. ஆனால் பாட்டைத் தந்தது கேட்டறியாத ஒன்று. அதனிடம் ஏன் என்று வினவ இயலாது, இது பிடிக்கவில்லை என்று வாதிடவும் இயலாது. ஹார்டியின் விருந்து மேசையில் நிகழ்ந்த வாதங்களே பாட்டுகளைத் திருத்தின என்பதை எண்ணும்போது இவ்விழப்பின் அளவு புலனாகும். 2024 முதல், பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறைக்குக் குறைவாகக் கேட்கப்பெற்ற பதிவுக்கு அத்தளத்தில் உரிமத்தொகை இல்லை. பிராட்சைடின் முதல் படிகள் சில நூறே. அந்த அளவுகோலைக் கொண்டால் அவ்விதழின் வாசகர் வட்டம் கணக்கிலேயே வந்திராது.

பிராட்சைடு, ஃபாஸ்ட் ஃபோக் ஆகியவற்றின் பாட்டுகளை ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் நிறுவனம் மறுபதிப்பாக வெளியிட்டு இன்றும் கேட்கத் தருகிறது. மைஸ்பேஸ் தளத்திலோ 2015-க்கு முன் பன்னிரண்டு ஆண்டுகளில் பாடகர்கள் ஏற்றிவைத்த பாட்டுகள் தரவு இடமாற்றத்தின்போது அழிந்தன. அச்செய்தி 2019-இல் பரவலாக வெளிவந்தது. ஆய்வுக்காக ஒரு கல்விசார் குழு முன்பே படியெடுத்து வைத்திருந்த 4,90,000 பாட்டுகள் மட்டும் அதே ஆண்டு இணைய ஆவணக் காப்பகத்தில் சேர்க்கப்பெற்றன. அவற்றை முதலில் யார் யாரைக் கேட்கச் சொன்னார் என்ற செய்தி அப்படிகளில் இல்லை.