தலைப்புச்சொல்: ஏலம்

எஹ்ஸான் யார்ஷாத்தர் என்ற பெயர் நம் சிறுபத்திரிகைகளில் அடிபட்டதாக எனக்கு ஞாபகமில்லை. அடிபட வேண்டிய பெயர். 1920ல் ஹமதானில் பிறந்தவர். நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையில் இருந்துகொண்டு, ஈரானின் சரித்திரத்துக்கும் கலாசாரத்துக்கும் ஒரு கலைக்களஞ்சியம் என்ற காரியத்தை 1970களின் முற்பகுதியில் ஆரம்பித்தார். பணம் ஈரான் அரசின் திட்ட அமைப்பிலிருந்து வந்தது. 1979ல் புரட்சி வந்தது, பணம் நின்றது. மனிதர் நிற்கவில்லை. அமெரிக்க மானியத்திலும் தனியார் நன்கொடையிலும் காலம் தள்ளி, 1982ல் முதல் பகுதியை அச்சில் கொண்டுவந்தார். 'என்சைக்ளோபீடியா இரானிகா' என்று பெயர். 2018ல் 98 வயதில் அவர் இறந்தபோது அச்சுப் பகுதிகள் ஆங்கில அகரவரிசையில் 'கே' எழுத்தைத் தாண்டியிருக்கவில்லை.

நாம் பத்துத் தொகுதிகளை முடித்துவிட்டோம். தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம், பெரியசாமித் தூரனின் தலைமைப் பதிப்பில், 1954ல் தொடங்கி 1968ல் நிறைவடைந்தது. அதன் சூடு ஆறுவதற்குள் குழந்தைகளுக்கென்று இன்னொரு பத்துத் தொகுதி, 1976ல் அதுவும் முடிந்தது. மேடைகளில் இது பெருமையாகச் சொல்லப்படுகிறது. பெருமைதான். ஆனால் அவர்களால் முடியாதது நம்மால் எப்படி முடிந்தது என்ற கேள்வியை மேடை கேட்காது. சிறுபத்திரிகை கேட்க வேண்டும்.

விடை லகுவானது. தூரன் செய்தது, உலகத்தில் ஏற்கனவே அறியப்பட்டதைத் தமிழில் சுருக்கித் தருவது. யார்ஷாத்தர் எடுத்துக்கொண்டது, தம் நாட்டைப் பற்றி எவரும் எழுதியிராததை எழுத வைப்பது. அங்கே முதல் கட்டுரையே 'ஆப்', அதாவது தண்ணீர். அதற்கடுத்த பக்கங்களில் தண்ணீரைச் சேமிக்கும் நிலவறைத் தொட்டி வருகிறது, 'ஆப்கூஷ்த்' என்ற இறைச்சிக் குழம்பு வருகிறது. ஒரு குழம்பைப் பற்றிக் கட்டுரை எழுத முன்னால் எழுதிவைத்த நூல் கிடையாது. அடுப்பங்கரைக்கும் ஊருக்கும் சுவடிக்கும் போய்த்தான் எழுதியாக வேண்டும். அது மெதுவாகத்தான் நகரும்.

இதனால் தூரனைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். பௌதிகத்துக்கும் ரசாயனத்துக்கும் தமிழில் வாக்கியம் அமையுமா என்று படித்தவர்களே சந்தேகப்பட்ட காலத்தில், ஆயிரத்துக்கு மேற்பட்ட பேரை எழுத வைத்து, அமையும் என்று காட்டிவிட்டார். கவிஞர், கீர்த்தனைகள் செய்தவர். அந்தப் படைப்பு வாழ்க்கையில் பெரும்பகுதியைப் பிறர் கட்டுரைகளைத் திருத்துவதில் செலவிட்டார். நம் வட்டம் இதை ஒரு விமர்சனப் பொருளாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. தகவல் சேகரிப்பு குமாஸ்தா வேலை, படைப்பு வேறு என்ற ஒரு ஜாதி விசாரம் நமக்குள் இருக்கிறது.

நான் சொல்ல வருவது வேறு. உலகத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தோம். நம்மை எங்கும் எழுதி வைக்கவில்லை. களஞ்சியம் என்ற சொல்லுக்குள்ளேயே களம் என்ற ஒலி இருக்கிறது. களத்தில் அடித்துத் தூற்றிய பிறகுதான் தானியம் களஞ்சியத்துக்குப் போகும். நம்முடையதற்கு வெளியூர்க் களத்தில் அடித்த நெல் வந்தது.

நான் போடிநாயக்கனூரில் இருக்கிறவன். ஆகவே கைக்குக் கிடைத்த உதாரணம் ஏலம். 'ஏலம்' என்ற தலைப்பில் ஒரு சுருக்கக் கட்டுரையை யாரும் ஒரு மாலையில் எழுதிவிடலாம். இஞ்சிக் குடும்பம், தாவரவியல் பெயர் எலெட்டேரியா கார்டமோமம், மேற்குத்தொடர்ச்சி மலையின் நிழற்காடு, இன்று உலகில் மிக அதிகம் விளைவது குவாதமாலாவில். தவறு ஒன்றுமில்லை. போடிக்காரன் படித்தால் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை, போடி தெரியாதவன் படித்தால் போடி தெரியாது.

இரானிகா முறையில் அதே தலைப்பு என்ன ஆகும்? முதலில் செடியின் அடியிலிருந்து தரையோடு படரும் சரம். காய் சரத்தில் இருப்பதால், எடுப்பவள் நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிறாள். சரத்தில் எல்லாக் காயும் ஒன்றாக முற்றுவதில்லை என்பதால் அதே செடிக்குத் திரும்பத்திரும்ப வந்தாக வேண்டும். அப்புறம் ஸ்டோர். இது கடை அல்ல. மலையில் ஸ்டோர் என்றால் காய் உலர்த்தும் கட்டிடம். விறகுச் சூடு குழாய் வழியே அறைக்குள் ஓடி, ஒரு நாள் அளவுக்கு மூடிய அறையில் மிதமான வெப்பம் நின்றால்தான் காய் பச்சை நிறம் கெடாமல் உலரும். வெயிலில் போட்டால் வெளுத்துவிடும். ஐந்து கிலோ பச்சைக்காய்க்கு ஏறத்தாழ ஒரு கிலோ உலர்காய். பிறகு சல்லடையில் ஏழு மில்லிமீட்டர், எட்டு மில்லிமீட்டர் என்று பிரிந்து, போடி கிட்டங்கிகளில் பெண்கள் பொறுக்கித் தரம் பார்த்து, ஏலத்துக்குப் போகிறது.

இந்த இரண்டாவது ஏலம் வேறு சொல். போர்த்துகீசியரின் 'லெய்லாவ்' தமிழில் ஏலமாகிவிட்டது. ஏலத்தை ஏலம் விடுகிறார்கள் என்று போடியில் சொன்னால் இரண்டு பாஷைகள் ஒரே ஒலியில் உட்கார்ந்திருக்கின்றன. நிறுக்கிற தராசு பாரசீகச் சொல். அந்த ஊரை ஆண்ட ஜமீனும் பாரசீகச் சொல். பதிலுக்கு ஈரானியன் தேநீரில் தட்டிப்போடும் ஏலக்காய்க்கு 'ஹெல்' என்று பெயர். நம் ஏலத்துக்குச் சொந்தம் என்றே எனக்குப் படுகிறது. பத்து வரியில் இதை எழுத ஒரு பாரசீகம் தெரிந்தவரும் ஒரு ஏல வியாபாரியும் ஒரு பதிப்பாசிரியரும் வேண்டும். பதிப்பாசிரியர் வேலை என்பது இந்த மூன்று பேரை ஒரு தலைப்பின் கீழ் உட்கார வைப்பதுதான்.

தலைப்புச்சொல் பட்டியல் போடும்போதே பார்வை தெரிந்துவிடும். யார்ஷாத்தர் தம் நூலுக்கு 'ஈரான்' என்று பெயர் வைக்கவில்லை என்பது தற்செயல் அல்ல. ஆஃப்கானிஸ்தானும் தாஜிகிஸ்தானும் இந்தியப் பார்சிகளும் அதற்குள் வருகிறார்கள். தேச எல்லையை விட்டுவிட்டு கலாசார எல்லையை எடுத்துக்கொண்டார். நமக்கு இது வாழ்வா சாவா என்ற பிரச்னை. போடியிலிருந்து கொண்டைஊசி வளைவுகளில் ஏறினால் போடிமெட்டில் கேரளம் வந்துவிடுகிறது. 1956ல் தேவிகுளமும் பீர்மேடும் அந்தப் பக்கம் போய்விட்டன. காய் அங்கே விளைகிறது. எடுக்கிற பெண்கள் விடியுமுன் ஜீப்பில் அடைந்து இங்கேயிருந்து போகிறார்கள். மதுரையிலிருந்து மலையேறியவர்கள் என்று வாய்மொழியில் சொல்லிக்கொள்ளும் முதுவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். மாநிலத்தை அலகாகக் கொண்ட களஞ்சியத்தில் இந்தச் சரிவு பாதியாக வெட்டப்படும். யாழ்ப்பாணமும் இலங்கை மலையகமும் பின்னிணைப்பாகும். இத்தனைக்கும் இந்த வகையில் நமக்கு முதல் நூல் யாழ்ப்பாணத்தில் முத்துத்தம்பிப் பிள்ளை 1902ல் கொண்டுவந்த 'அபிதானகோசம்'.

அதற்கடுத்து சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி', 1910. பள்ளி ஆசிரியர், தனி மனிதர். அச்சிட ஆள் கிடைக்காமல் அலைந்து, பாண்டித்துரைத் தேவர் கைகொடுத்து, மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் மூலம் வந்தது. புராணப் பாத்திரமும் சரித்திர மனிதனும் ஒரே பந்தியில் இருக்கும் நூல் என்று அதைக் கேலி செய்வது சுலபம். எனக்கு அது தூரனுடையதைவிட நெருக்கமாக இருக்கிறது. கேள்வி நம்முடையதாக இருந்தது, முறைதான் போதவில்லை. தூரனிடம் முறை இருந்தது. இரண்டும் சேரவே இல்லை. 1981ல் தோன்றிய தமிழ்ப் பல்கலைக்கழகம் வாழ்வியலுக்கும் அறிவியலுக்கும் தனித்தனிக் களஞ்சியங்கள் போட்டதும் பெரிதும் தூரன் வழிதான்.

ஈரான்காரர்கள் விஷயத்தில் ஒரு மயக்கமும் வேண்டியதில்லை. இரானிகா ஆங்கிலத்தில் இருக்கிறது. அந்தக் குழம்பை வைக்கிறவள் தன் குழம்பைப் பற்றிய கட்டுரையைப் படிக்க முடியாது. அகதியின் கலைக்களஞ்சியம் அது. வெளியே நின்று வீட்டை நினைத்துப் பார்ப்பவனின் துல்லியம் அதற்கு உண்டு, வீட்டின் சத்தம் கிடையாது. இதற்கு மறுமுனையில் தெஹ்கோதா இருக்கிறார். முதல் உலக யுத்தத்தின்போது பக்தியாரி மலைநாட்டுக் கிராமம் ஒன்றில் ஒதுங்கியிருந்தபோது தம் பாரசீகப் பேரகராதியை ஆரம்பித்தவர். 1956ல் அவர் இறந்தபிறகு முகம்மது மொயீன் தொடர்ந்தார். தன் பாஷையில், தன் மலையில் இருந்து. நான் யாரைப் பின்பற்றச் சொல்வேன் என்பது இதிலேயே தெரியும்.

இரானிகாவின் ஒரு விதியை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உயிரோடு இருப்பவர்களைப் பற்றித் தனிக்கட்டுரை கிடையாது. தமிழ்நாட்டில் இந்த ஒரு விதியை அறிவித்தால் ஆதரவாளர்களில் முக்கால்வாசிப் பேர் மறுநாளே காணாமல் போவார்கள். மிஞ்சுகிறவர்களை வைத்து வேலை தொடங்கலாம்.

அவசரம் இருக்கிறது. மலபார், மைசூர், வழுக்கை என்று மூன்று பழைய வகைகள். 1990களுக்குப் பிறகு இடுக்கி விவசாயி ஒருவர் தேர்ந்தெடுத்த ஞள்ளானி ரகம் மலையைப் பிடித்துக்கொண்டது. பழைய செடி போகும்போது அதைச் சுற்றியிருந்த சொற்களும் போகின்றன. கோட்டகுடிக்குக் கயிற்றுப்பாதையில் தேயிலை இறங்கியதையும், மேலே டாப் ஸ்டேஷனுக்கு வந்த மூணாறு ரயிலை 1924 வெள்ளம் அழித்ததையும், 1928ல் போடிக்கு ரயில் வந்ததையும் ஒரே கதையாகச் சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். அந்த ரயில் 2010 முடிவில் அகலப்பாதைக்காக நின்று 2023ல் திரும்பி வந்தது. நடுவில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் ரயில் இல்லாத போடியில் வளர்ந்துவிட்டன. வட்டார நாவல்கள் இதைச் செய்யவில்லையா என்று கேட்கலாம். நாவல் ஒரு சொல்லைத் தன் தேவைக்கு எடுத்துக்கொள்கிறது. அர்த்தம் சொல்லும் கடமை அதற்குக் கிடையாது. துல்லியமான பொருள், துல்லியமான சொல் என்று நவீனத்துவத்தின் பேரில் கவிதையிடம் கேட்கும் நாம், 'ஸ்டோர்' என்றால் கடை என்று நினைத்துக்கொண்டு ஒரு மலைக் கவிதையைப் பாராட்டிவிடக்கூடும்.

பத்துத் தொகுதி வேண்டாம். இந்த ஒரு சரிவுக்கு மட்டும் இருநூறு தலைப்புச்சொற்கள், முப்பது பேர். அகரவரிசைக்குக் காத்திருக்காமல் எழுத முடிந்ததை முதலில் எழுதிவிடலாம்; இரானிகாவே பிற்காலத்தில் இணையத்தில் அப்படித்தான் செய்தது. பட்டியலை நான் போட ஆரம்பித்திருக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் இத்தனை சொல் என்ற அளவும் போட்டாக வேண்டும், சண்டை அங்கேதான் வரும். என் கணக்கில் 'கங்காணி'க்கு 1500, 'காய் பொறுக்குதல்' 1200, 'ஸ்டோர்' 1000. 'ஜமீன்' 400 போதும்.