மின்னட்டையும் வாக்கியத் திருத்தமும்: தனாக்கா தொகுதியை முன்வைத்துச் சில கருத்துகள்

பிறமொழியொன்றைத் தாமாகவே கற்க முனைவோர் இன்று பெரிதும் கைக்கொள்ளும் சாதனங்களுள் மின்னட்டையும் ஒன்றாகும். ஒருபுறம் வினாவும் மறுபுறம் விடையும் கொண்ட இவ்வட்டை, வகுப்பறையிலிருந்து கைத்தொலைபேசிக்கு இடம்பெயர்ந்த பின்னரும் அதன் அடிப்படை மாறிவிடவில்லை. கற்றவை எவ்வளவு விரைவாக மறந்துபோகின்றன என்பதை ஹெர்மன் எபிங்ஹவுஸ் 1885இல் அளந்து காட்டினார். மறக்குந் தறுவாயில் மீண்டும் நினைவூட்டுவதே பயன்தரும் என்ற எண்ணத்தைச் செபஸ்தியான் லைட்னர் 1972இல் அட்டைப் பெட்டிகளின் துணையோடு எவருங் கையாளத்தக்க முறையாக்கினார். 1987இல் பியோத்தர் வொஸ்னியாக் அதனைக் கணினிக்குரிய கணக்காக மாற்றினார். டேமியன் எல்ம்ஸ் 2006இல் வெளியிட்ட ‘அங்கி’ என்னும் திறந்த மூல மென்பொருள் அக்கணக்கினைத் தழுவியே எழுந்தது. அப்பெயர் மனனம் எனப் பொருள்படும் யப்பானியச் சொல்லாகும். 2023இல் இன்னுமொரு புதிய கணக்கு முறையும் அதிற் சேர்க்கப்பட்டது.

கணக்கு இவ்வாறு காலந்தோறும் செம்மையுற்று வந்திருக்க, அக்கணக்கினுள் இடப்படும் வாக்கியங்கள் எத்தகையன என்ற வினா அதே அளவு கவனத்தைப் பெற்றதாகத் தெரியவில்லை. பொறிக்குச் சரி பிழை தெரியாது. நல்ல வாக்கியத்தை எத்துணைச் சிரத்தையோடு நினைவில் இருத்துமோ, அத்துணைச் சிரத்தையோடு பிழைபட்ட வாக்கியத்தையும் இருத்தும். தொடக்கநிலை மாணவனுக்கோ பிழையை இனங்காணும் ஆற்றல் இல்லை. அஃது இருந்தால் அவனுக்கு அட்டையே வேண்டியதில்லை. எனவே, ஊதியமின்றி அட்டைகளைத் திருத்த முன்வருவோரின் பணி, கணக்கைத் திருத்துவோரின் பணியிலும் கனதியானது எனக் கொள்வதில் தவறில்லை. இதனை விளக்கத் தனாக்கா தொகுதியின் வரலாறு போதியது.

யப்பானின் ஹியோகோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் யசுஹித்தோ தனாக்கா, தம் மாணவர் ஒவ்வொருவரையும் யப்பானியமும் ஆங்கிலமுமாக இணைந்த 300 வாக்கியச் சோடிகளைச் சேர்த்துவரப் பணித்தார். சில ஆண்டுகளில் 212,000 சோடிகள் சேர்ந்தன. பல்கலைக்கழக ஒப்படைகள் எங்ஙனம் எழுதப்படுகின்றன என்பதை அறிந்த எமது வாசகர்களுக்கு இதன் பெறுபேறு வியப்பளிக்காது. பாடநூல்களிலிருந்து பெயர்த்தெழுதியவை, பாட்டு வரிகள், விவிலியத் தொடர்கள் எனப் பலவும் கலந்திருந்தன. எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தன. சில சோடிகளில் இருபுறத்து வாக்கியங்களும் ஒன்றோடொன்று தொடர்பற்றிருந்தன. எனினும் 2001இல் பேராசிரியர் அத்தொகுதியை எவருக்கும் உரிமையுடையதாக்கி வெளியிட்டார். குறைகளோடேனும் அதனைப் பொதுச் சொத்தாக்கிய அச்செயலே பின்வந்த திருத்தங்கள் யாவற்றுக்கும் இடமளித்தது என்பதை மறத்தலாகாது.

அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஜிம் பிரீன், 1991 முதல் தாம் வளர்த்து வந்த யப்பானிய–ஆங்கில அகராதிக்கு எடுத்துக்காட்டுகளாக இவ்வாக்கியங்களைப் பின்னர்ப் பயன்படுத்தினார். அவரும் தொண்டர் பலரும் இரட்டித்தவற்றையும் பயனற்றவற்றையும் நீக்கத் தொகுதி ஏறத்தாழ 150,000 ஆகக் குறைந்தது. திராங் ஹோ 2006இல் தொடக்கிய ‘தத்தோயெபா’ என்னும் பன்மொழி வாக்கியத் தொகுப்பில் அது சேர்க்கப்பட்டது. ‘எடுத்துக்காட்டாக’ என்பது அப்பெயரின் பொருள். இன்று யப்பானியம் பயில்வோர் தொகுத்துப் பகிரும் அட்டைக் கட்டுகள் பலவற்றின் வாக்கியங்கள் இவ்வழி வந்தவையே.

இங்கு எழுத்துப் பிழையிலும் ஆழமானதொரு குறையுண்டு. யப்பானிய மாணவர் ஆங்கிலங் கற்பதற்கென எழுந்த வாக்கியங்களே இவற்றுட் பல. அவற்றின் யப்பானியப் பகுதி ஆங்கிலத்தை விளக்குதற்கு வந்த ஊன்றுகோல் மாத்திரமே. அந்த ஊன்றுகோலையே அயல்நாட்டு மாணவன் யப்பானியத்தின் இயல்பான நடையெனக் கொண்டு மனனஞ் செய்கிறான்! யப்பானியத்தில் எழுவாய் சூழலால் உணரப்படுவது. பெரும்பாலும் வெளிப்பட வாராது. ஆங்கிலமோ அதனை விடாது. இதனால் மொழிபெயர்ப்பு வாக்கியங்களில் ‘கரே’ (அவன்), ‘கனோஜோ’ (அவள்) என்பன வேண்டாத இடத்தும் வந்து நிற்கும். இவற்றுள் ‘கனோஜோ’ ஐரோப்பிய மொழிகளை மொழிபெயர்க்கும் தேவையால் மெய்ஜி காலத்தில் நிலைபெற்ற சொல். இன்றைய பேச்சிற் காதலியையும் குறிக்கும். ‘அனதா’ என்னும் முன்னிலைச் சொல்லை ஆசிரியரை நோக்கி வழங்குதல் மரியாதைக் குறைவாகும். ‘சென்செய்’ என்றே விளிப்பர். இத்தகைய வாக்கியங்களில் இலக்கணப் பிழை ஏதும் இராது. ஆயினும் அவற்றையே நூறுமுறை உருப்போட்டவன் யப்பானியனுக்கு அந்நியனாகவே பேசுவான். இலக்கணம் கற்ற அயலவன் இதனைத் திருத்தவியலாது. அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவனே திருத்தவல்லான்.

தத்தோயெபாவில் தொண்டு புரிவோர் கடைப்பிடிக்கும் நெறிகள் இரண்டு ஈண்டுக் குறிப்பிடத்தக்கன. ஒருவர் தம் தாய்மொழியிலேயே வாக்கியம் எழுதுதல் விரும்பத்தக்கது என்பது ஒன்று. மொழிபெயர்ப்பு பொருந்தவில்லை என்பதற்காக மூல வாக்கியத்தை மாற்றலாகாது. பொருந்தும் மொழிபெயர்ப்பொன்றைப் புதிதாக எழுதி இணைத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது நெறியே கடினமானது. திருத்துவோன் இயல்பாகவே இருபுறமும் சமனாவதை விரும்புவான். அவ்விருப்பத்தால் நல்ல வாக்கியமொன்று கெடும். உரிமையாளர் அற்ற வாக்கியங்களைத் தொண்டரொருவர் பொறுப்பேற்றுத் தம்முடையதாக்கிச் செப்பஞ் செய்யவும் அங்கு இடமுண்டு. தனாக்கா தொகுதியிற் பெரும்பகுதி இவ்வாறு தத்தெடுப்பாரை வேண்டி நின்றதேயாகும்.

அங்கியின் அமைப்பிலுள்ள ஓரிடர்ப்பாட்டையும் சொல்லவேண்டும். பகிரப்பட்ட அட்டைக் கட்டினை இறக்கிக்கொள்பவர் தம் பிரதியில் எத்தனை பிழைகளைத் திருத்தினாலும், அத்திருத்தங்கள் தாமாக மூலத்துக்குத் திரும்புவதில்லை. ஏட்டுச்சுவடிகளைப் படியெடுத்தோர் தத்தம் படிகளிற் செய்த திருத்தங்களின் கதையும் இதுவே. 1887இற் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர் பல பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கவேண்டியிருந்தமைக்குக் காரணமும் அதுவே. ஒரே பிழையை ஆயிரம்பேர் ஆயிரந்தடவை தனித்தனியே திருத்துவதைத் தொண்டு என்று சொல்லவியலாது. மூலத்தை ஆக்கியவருக்கு எழுதுவதும், வாக்கியத் தொகுப்பிலேயே திருத்துவதும் சலிப்பூட்டும் வேலைகளே. ஆனால் அவையே பிறருக்குப் பயன்படுவன.

தத்தோயெபாவில் தமிழ் வாக்கியங்களும் உள. யப்பானியத்தோடு ஒப்பிடின் அவை மிகச் சிறு தொகையின. ஆகவே யப்பானியத்துக்கு நேர்ந்தது தமிழுக்கு நேராமற் காக்க இன்னும் அவகாசமுண்டு. ஆங்கிலத்தின் ஒற்றை முன்னிலைச் சொல்லுக்கு எமக்கு நீ, நீர், நீங்கள் என மூன்று உள. தமிழ்நாட்டுப் பொதுப் பேச்சில் அருகிவிட்ட ‘நீர்’ யாழ்ப்பாணத்திற் சமமானவரிடையே இன்றும் உயிரோடு வழங்குவது. சென்னைத் திருத்துநர் ஒருவர் அதனைப் பழமையெனக் கருதி ‘நீங்கள்’ என மாற்றுவாராயின், பிழையைத் திருத்தினாரல்லர்; ஒரு வழக்கினை அழித்தவராவார். இவ்வாறே ‘வருகிறேன்’ என்னும் எழுத்து வழக்கும், ‘வரேன்’, ‘வாறன்’ என்னும் பேச்சு வழக்குகளும் தனித்தனி வாக்கியங்களாக நிற்றல் வேண்டும். எது எவ்விடத்தது, எது பேச்சுக்குரியது என்ற குறிப்பும் ஒவ்வொன்றோடும் வேண்டும். அக்குறிப்பு இல்லையெனின், ‘வாறன்’ என்பதை அட்டையிற் கண்டு பழுதற மனனஞ் செய்த அயல்நாட்டவர், அதனையே பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதும் விண்ணப்பத்திலும் எழுதி அனுப்புவார்.