பதினாறு கட்டங்கள்

பங்குனித் திருவிழா முடிந்த மறுநாள் சித்தி மகன் கேட்டான். "அண்ணே, ஈடிஎம் பண்ணலாம்னு இருக்கேன். எஃப்எல் ஸ்டூடியோ வாங்கவா, ஏபிள்டன் வாங்கவா?"

எங்களுடையது அன்னவாசல் பக்கத்துக் கிராமம். முந்தின ராத்திரி நையாண்டி மேளம் ஓய்ந்ததும் லாரியில் வந்த டிஜே செட் ஆரம்பித்தது. அதன் கிக் காலையிலும் நெஞ்சுக்கூட்டில் இடித்துக்கொண்டிருந்தது. அந்த இடி தன் லேப்டாப்பிலிருந்து வரணும், அவ்வளவுதான் அவனுக்கு. நியாயமான ஆசை. பத்து வருஷத்துக்கு முன்னால் எனக்கும் அதே ஆசைதான்.

"எது பெஸ்ட்?" என்று யூடியூபில் தேடினால் விலை, சின்த் எத்தனை, எஃபெக்ட் எத்தனை என்று பட்டியல் வரும். வெண்பா பெஸ்ட்டா, ஆசிரியப்பா பெஸ்ட்டா என்று யாராவது கேட்டால் சிரிப்போம். வெண்பா தளை தட்டாமல் நடக்கச் சொல்லும், ஈற்றடியில் முடித்துவிடச் சொல்லும். ஆசிரியப்பா நீண்டுபோக விடும். ஒவ்வொன்றும் ஒன்றைச் சுலபமாக்கி, இன்னொன்றைக் கஷ்டமாக்குகிறது. இசை மென்பொருளும் ஒரு யாப்புதான் என்பது என் கட்சி. இதில் எதையும் செய்யலாம் என்று விளம்பரம் சொல்லும். நாம் ஒன்றுமே யோசிக்காதபோது அது நம்மை எதைச் செய்ய வைக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

எஃப்எல் ஸ்டூடியோ 1997இல் பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் நிறுவனத்தில் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் பிறந்தது. அன்றைக்கு அது ஒரு சின்ன டிரம் மெஷின். இன்றைக்கு எவ்வளவோ வளர்ந்துவிட்டது, ஆனாலும் பிறந்த குணம் போகவில்லை. திறந்ததும் வரிக்கு 16 கட்டம் நிற்கும். 1, 5, 9, 13 ஆகிய கட்டங்களில் கிக்கைத் தட்டுங்கள். பத்து விநாடியில் ஒரு ஹவுஸ் பீட் தயார். பார்க்க வெற்றுத்தாள் மாதிரி இருக்கும், ஆனால் அதில் ஏற்கெனவே கோடு போட்டிருக்கிறார்கள். அடிக்கு நான்கு, தகதிமி தகதிமி. எங்க ஊர் மேளமோ பெரும்பாலும் தகிட தகிட. மூன்றாகப் பிரிக்கவும் எஃப்எல்லில் வழி இருக்கிறது. ஆனால் தேடிப் போகணும். தேடிப் போகிற அளவுக்கு நமக்கு அது வேணுமா என்பதுதான் கேள்வி.

ஏபிள்டன் லைவ் 2001இல் பெர்லினில் வந்தது. அதை உருவாக்கியவர்களில் கெர்ஹார்ட் பெல்ஸ், ராபர்ட் ஹென்கே இருவரும் மோனோலேக் என்ற பெயரில் டெக்னோ செய்தவர்கள். மேடையில் வாசிக்கிற ஆளின் தேவை அதன் எலும்பிலேயே இருக்கிறது. துண்டு துண்டாக லூப்களை அடுக்கி, வேண்டியதை வேண்டியபோது தட்டலாம். எப்போது தட்டினாலும் அடுத்த பாரின் தலையில்தான் ஒழுங்காகத் தொடங்கும். வெளியிலிருந்து எந்தப் பதிவைக் கொண்டுவந்து போட்டாலும் இழுத்தோ சுருக்கியோ தன் வேகத்துக்குப் பொருத்திக்கொள்ளும். இதற்குப் பெயர் வார்ப். நான் தப்பு செய்தது இதை வைத்துத்தான்.

என் பெரியப்பா நையாண்டி மேளத்தில் தவில் வாசித்தவர். ஒருநாள் கொல்லையில் அவரை வாசிக்கச் சொல்லி போனில் பதிந்தேன். லைவில் போட்டு ஒவ்வொரு அடியையும் கோட்டுக்கு இழுத்தேன். கீழே கிக், மேலே ஒரு சின்த். ப்ளூடூத் ஸ்பீக்கரில் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். தலையைக் குனிந்து கடைசிவரை கேட்டார்.

"நல்லாத்தான்டா இருக்கு. யாரு வாசிக்கிறது?"

"நீங்கதான் பெரியப்பா."

"நானா? இப்பிடி வாசிச்சா கரகக்காரி எப்பிடிடா ஆடுவா?"

அன்றைக்கு இதை வயசானவரின் கிண்டல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது. ஆடுகிறவளின் கால் தரைக்கு வரும்வரை அவர் அடி ஒரு நூலிழை காத்திருக்கும். அவள் வேகம் பிடித்தால் அதுவும் முந்தும். நான் பிழை என்று நினைத்துத் திருத்தியது இரண்டு பேருக்கு நடுவே நடந்த பேச்சை. மென்பொருள்மேல் பழி போட முடியாது. லைவ் மூலப்பதிவைத் தொடுவதே இல்லை, வார்ப்பை அணைத்தால் பழையது அப்படியே திரும்பி வரும். முடிந்த டிராக் மட்டும் போதும் என்று மூலத்தை அழித்தவன் நான். பெரியப்பா இப்போது இல்லை. அவர் கை என்று என்னிடம் மிச்சமிருப்பது அவருக்கே அடையாளம் தெரியாத ஒன்று.

அப்படியானால் கட்டமே எதிரியா? இல்லை. சரண்ஜித் சிங்கைக் கேளுங்கள். இந்தி சினிமாவில் வாத்தியம் வாசித்த இவர் 1982இல் 'டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். ரோலண்டின் 808 டிரம் மெஷின், 303 பேஸ் மெஷின், ஜூபிட்டர்-8 சின்த், இவ்வளவுதான் கருவிகள். அப்போது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. சிகாகோவில் ஃப்யூச்சர் குழுவின் 'ஆசிட் ட்ராக்ஸ்' வந்தது 1987இல். சரண்ஜித்தின் ஆல்பம் 2010இல் மறுவெளியீடு கண்டபோதுதான், இவருக்கு இது முன்பே எப்படிக் கிடைத்தது என்று உலகம் வியந்தது. யார் முதல் என்ற பந்தயத்தில் எனக்கு ஆர்வமில்லை. நான் கேட்பது வேறு. 808 கொஞ்சம்கூட அசையாது. 303 அதே சுரங்களைச் சுற்றிச் சுற்றி வரும். ஆனால் மேலே போகிற ராகம் கையால் வாசிக்கப்பட்டது, அது கட்டத்துக்குள் அடங்காமல் வழுக்கிப் போகும். குறையும் உண்டு. பத்து ராகத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே தாள நடை, தொடர்ந்து கேட்டால் ஐந்தாவதில் அலுக்கும். ஆனாலும் ஒருவர் எதை இயந்திரத்திடம் கொடுத்தார், எதைத் தன் கையில் வைத்துக்கொண்டார் என்பது அதில் தெளிவாகக் கேட்கிறது. என் டிராக்கில் இல்லாமல் போனது அதுதான்.

எங்க ஊருக்குக் கிட்டத்திலேயே இதைவிடப் பழைய கட்டம் ஒன்று இருக்கிறது. குடுமியான்மலை இசைக் கல்வெட்டு. ஏழாம் நூற்றாண்டை ஒட்டியது என்பார்கள். பண்டார்க்கர் அதை 'எபிகிராஃபியா இண்டிகா'வில் பதிப்பித்தார். ஏழு ராகங்களுக்கு ஏழு பகுதி. நான்கு நான்கு சுரமாகத் தொகுதி, வரிக்கு 16 தொகுதி. முதன்முதலில் இதைப் படித்தபோது, "அட, நம்ம ஆளுக அப்பவே சீக்வென்சர் பண்ணிட்டாங்க" என்று ஸ்டேட்டஸ் போடக் கை பரபரத்தது. போடாதது நல்லது. 16 என்ற எண் ஒத்துப்போவது தற்செயல். எஃப்எல்லின் கட்டம் நேரத்தைப் பிரிக்கிறது. கல்லில் இருப்பது சுரங்களின் அடுக்கு.

அந்தப் பாறை சொல்லித்தருவது வேறு. உருத்திராசாரியரின் சீடனான ஓர் அரசன் மாணவர் நலனுக்காகச் செய்தது என்று அதிலேயே இருக்கிறது. அதாவது அது ஒரு பாடக்குறிப்பு. சுர எழுத்துகள் அ, இ, உ, எ என்று உயிர் மாறி மாறி வருகின்றன, அதற்கு என்ன பொருள் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். கல் இன்னும் இருக்கிறது. அதை வாசித்துக் காட்டிய கைகள்தான் போய்விட்டன. கட்டம் ஆயிரம் வருஷம் தாண்டியும் அப்படியே நிற்கிறது, நம்மால் அதை நிச்சயமாக வாசிக்க முடியவில்லை.

ஆகவே தம்பிக்குச் சொன்ன பதில் இது. "எதையும் உடனே வாங்காதே. எஃப்எல் டிரயலில் எல்லாம் வேலை செய்யும், ஆனா சேவ் பண்ணினதைத் திரும்பத் திறக்க முடியாது. வாங்கினா வாழ்நாளுக்கும் அப்டேட் இலவசம். லைவை 30 நாள், ரீப்பரை 60 நாள் சும்மா பார்க்கலாம். கிராக் வெர்ஷன் வேணாம், வைரஸும் சேர்ந்து வரும். முதல்ல கோயில் மேளக்காரர்கிட்ட கேட்டு அஞ்சு நிமிஷம் பதிஞ்சுக்க. மூலத்தை ரெண்டு இடத்துல வை. அதை ஒவ்வொரு சாஃப்ட்வேர்லயும் போட்டு, மேளத்தைக் கிக்குக்கு இழுக்காம, கிக்கை மேளத்துக்குப் பக்கத்துல வச்சுப் பாரு. லைவ்ல அந்தப் பதிவையே வேகத்துக்குத் தலைமையா வைக்கலாம். எஃப்எல்ல ஒவ்வொரு அடியையும் கொஞ்சம் பிந்த வைக்கலாம். எதுல உனக்கு எரிச்சல் கம்மியா இருக்கோ, அதை வாங்கு."

எஃப்எல்லைத்தான் எடுத்தான். போன வாரம் ஒரு டிராக் அனுப்பினான். டிராப் சுமார்தான், அதையும் சொல்லிவிட்டேன். கிக் கட்டத்தில் சரியாக விழுகிறது. அதன்மேல் தவில் அங்கங்கே ஒரு நூல் பிந்தி வருகிறது. வாசிப்பது யார் என்று நான் கேட்கவில்லை. கோயில் மேளக்காரர் கை என்று கேட்டதுமே தெரிந்தது.