பிரமாணம் கேட்காத சபை

அமெரிக்காவின் யூனிடேரியன் யூனிவர்சலிஸ்ட் சபைகளில் விசுவாசப் பிரமாணம் சொல்லும் வழக்கம் கிடையாது. ஞாயிறு காலை கிண்ண வடிவ விளக்கொன்றை ஏற்றி ஆராதனையைத் தொடங்குவார்கள். கடவுளை நம்புகிறவர், நம்பாதவர், புத்தரின் வழியில் தியானம் செய்கிறவர், யூத வீட்டில் பிறந்தவர் என எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். நீ எதை நம்புகிறாய் என்று கேட்டு யாரையும் வாசலில் நிறுத்துவதில்லை. ஒருவரோடொருவர் எப்படி நடந்துகொள்வோம் என்ற உடன்படிக்கை அவர்களைச் சேர்த்து வைக்கிறது. மற்றதை வாக்கெடுப்பு பார்த்துக்கொள்ளும். 1961இல் யூனிடேரியன்களும் யூனிவர்சலிஸ்ட்களும் இணைந்து அமைத்த சங்கம் இந்த ஏற்பாட்டின் மேல்தான் நிற்கிறது.

தனிமனிதரின் ஆன்ம வளர்ச்சிக்கு இது எவ்வளவு உதவும் என்பதை ‘மகிழ்ச்சிகளும் துயரங்களும்’ என்ற பகுதியில் பார்க்கலாம். ஆராதனையின் நடுவே ஒருவர் எழுந்து முன்னால் வருவார். மணல் நிரப்பிய தட்டில் சிறிய மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி நட்டுவிட்டு, “அம்மாவுக்கு நாளைக்கு ஆபரேஷன்” என்று சொல்லிப் போய் உட்காருவார். எல்லாம் அவன் சித்தம் என்று ஆறுதல் சொல்ல யாரும் முந்த மாட்டார்கள். துயரத்துக்கு உடனே விளக்கம் தராமல் கேட்டுக்கொண்டிருக்க ஒரு கூட்டத்தைப் பழக்குவது சின்ன காரியமல்ல. ஆனால் மைக் கைக்கு வந்தால் விடாதவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பேத்தி வாங்கிய பரிசு, பூனையின் உடல்நிலை என்று நீண்டு, கடைசியில் போதகர் பிரசங்கத்தைச் சுருக்க வேண்டிவரும். சில சபைகள் பேச்சையே நிறுத்திவிட்டு, மௌனமாக ஒரு கூழாங்கல்லைத் தண்ணீரில் போடச் சொல்கின்றன. இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இங்கே ஒவ்வொருவரும் தன் கதையைச் சொல்லிவிட்டு உட்காருகிறார்கள். யாரும் யாரிடமும் கணக்குக் கேட்பதில்லை.

கணக்குக் கேட்காமல் நீதி நடக்குமா? வேறொருவரின் ஊருக்குப் போய் நிற்க வேண்டிய நேரங்களில் நடந்திருக்கிறது. 1965 மார்ச்சில் அலபாமா மாநிலத்தின் செல்மாவில் கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியது. மார்ட்டின் லூதர் கிங் போதகர்களை அழைத்தார். பாஸ்டனிலிருந்து போன யூனிடேரியன் போதகர் ஜேம்ஸ் ரீப் தெருவில் தாக்கப்பட்டு இரண்டு நாளில் இறந்தார். அதே மாதம், அங்கே உதவப் போயிருந்த டெட்ராய்ட் சபையின் உறுப்பினர் வயோலா லியூஸோ சுட்டுக் கொல்லப்பட்டார். சங்கத்தின் நிர்வாகக் குழு தன் கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டுச் செல்மாவுக்கே போனது. மனசாட்சியைத் தவிர வேறு கட்டளை இல்லாதவர்கள் உயிரைக் கொடுத்தார்கள். பிரமாணம் இல்லாத மதத்தில் உறுதி இருக்காது என்பவர்களுக்கு இதற்கு மேல் பதில் தேவையில்லை.

இது வசதியானவர்களின் மதம் என்று ஒதுக்குவதும் அவசர முடிவுதான். வேலைக்காரராக இங்கிலாந்துக்குப் போன தமிழர் வில்லியம் ராபர்ட்ஸ் அங்கே யூனிடேரியன் நூல்களைப் படித்துத் திரும்பி, 1795இல் சென்னையில் ஒரு சபையைத் தொடங்கினார். 1813இல் புரசைவாக்கத்தில் அதற்குச் சிற்றாலயமும் எழுந்தது. வெளியிலிருந்து அனுப்பப்பட்ட மிஷனரி யாரும் தொடங்கிய சபையல்ல அது.

அமெரிக்கச் சபை இடறியது தன் வீட்டுக்குள். செல்மாவுக்கு இரண்டே ஆண்டுகள் கழித்து, 1967இல், நியூயார்க்கில் நடந்த மாநாட்டில் கறுப்பின உறுப்பினர்கள் தனியே கூடிப் பேசினார்கள். தங்கள் சமூகத்துக்கான நிதியைத் தாங்களே நிர்வகிக்க வேண்டும் என்பது கோரிக்கை. 1968இல் கிளீவ்லாந்தில் கூடிய பொதுச்சபை, அவர்கள் கேட்டபடி அமைந்த கறுப்பின விவகாரக் குழுவுக்கு ஆண்டுக்கு 2,50,000 டாலர் வீதம் நான்கு ஆண்டுகள் தர வாக்களித்தது. நிறம் பார்க்காமல் எல்லோரும் ஒன்றாக இயங்குவதே நம் வழி, தனி அமைப்பு எதற்கு என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள். அவர்களில் பலர் நேர்மையாகவே அப்படி நம்பினார்கள். ஒருங்கிணைப்புக்காக நேற்றுவரை பாடுபட்டவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். கறுப்பினத்தவர் எல்லோரும் ஒரே பக்கம் நின்றதாகவும் சொல்ல முடியாது. 1969இல் பாஸ்டனில் கூடிய பொதுச்சபையில் சர்ச்சை வெடித்தது. விவகாரக் குழுவின் ஆதரவாளர்கள் மண்டபத்தை விட்டு வெளியேறினார்கள். பிறகு நிதி சொற்ப வித்தியாசத்தில் உறுதியானது. ஆனால் மறு ஆண்டே, கையில் காசில்லை என்று சொல்லி நிர்வாகக் குழு தவணையைக் குறைத்தது. விவகாரக் குழு சங்கத்தோடு உறவை முறித்துக்கொண்டது. கறுப்பின உறுப்பினர்கள் பலர் வெளியேறினார்கள்.

நிதி நெருக்கடி உண்மைதான். இருந்தாலும் முதலில் கத்தி விழுந்த இடம் எது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. செல்மாவில் கேட்கப்பட்டது துணிச்சல். இங்கே கேட்கப்பட்டது பணப்பையும் அதிகாரமும். துணிச்சலை ஒருவர் தனியாகவே எடுத்துப் போகலாம், சபை பெருமைப்படலாம். அதிகாரத்தை விட்டுக்கொடுக்கச் சபை மொத்தமும் சம்மதிக்க வேண்டும். அந்த இடத்தில், என் மனசாட்சி ஒப்பவில்லை என்று சொல்லும் உரிமை, இருப்பவர் கையில் இருப்பது அங்கேயே இருக்கத் துணைபோகிறது.

ஒரே பாலினத் திருமணத்தில் இவர்கள் பல சபைகளை முந்தியதற்கும் ஓரளவு இந்த வித்தியாசமே காரணம் என்று நினைக்கிறேன். 1984இலேயே அத்தகைய இணைவுச் சடங்குகளைச் சங்கம் ஏற்றது. 1996இல் சட்ட உரிமைக்கு ஆதரவுத் தீர்மானம் போட்டது. துணிச்சலான முடிவுகள்தான். அதற்காக யாருடைய நாற்காலியும் காலியாக வேண்டியிருக்கவில்லை.

2016இல் கறுப்பின யூனிடேரியன் யூனிவர்சலிஸ்ட்களின் புதிய அமைப்புக்கு 53 லட்சம் டாலர் தர நிர்வாகக் குழு முடிவெடுத்தது. மறு ஆண்டே, உயர் பதவிகளுக்கு வெள்ளையர்களே எடுக்கப்படுகிறார்கள் என்ற புகாரில் சங்கத்தின் தலைவர் பீட்டர் மொராலஸ் விலகினார். 1985இல் சங்கம் ஏற்ற ஏழு கொள்கைகளுக்குப் பதிலாக, அன்பை நடுவில் வைத்த புதிய வாசகத்தை 2024இல் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் ஏற்றார்கள். தனிமனித மனசாட்சிக்கான இடம் சுருங்குகிறது என்று எதிர்த்தவர்கள் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலையை நான் எளிதாகத் தள்ள மாட்டேன். ரீபைச் செல்மாவுக்கு அனுப்பியது அந்த மனசாட்சிதான். 1969இல் அதைக் கேடயமாகப் பிடித்தவர்களும் அதே சபைக்காரர்கள்தான்.