காவல்துறையின் முக அடையாள மென்பொருள்

சென்னைத் தரமணியில் இயங்கும் லேட்டன்ட்வியூ அனலிட்டிக்ஸ், பெருநிறுவனங்களுக்குத் தரவுப் பகுப்பாய்வு செய்து தரும் நிறுவனம். 2021 நவம்பரில் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது முதல் காலாண்டுதோறும் கணக்கு வெளியிடுவது அதன் சட்டக் கடமை.

அதற்கு முந்தைய மாதம் தமிழ்நாடு காவல்துறைக்கு முக அடையாள மென்பொருள் வந்தது. உருவாக்கியது ஒன்றிய அரசின் சி-டாக். சந்தேகப்படுபவரைக் காவலர் கைபேசியில் படமெடுத்தால், காவல்துறைத் தரவுத்தளத்தில் உள்ள படங்களோடு மென்பொருள் ஒப்பிடும். தண்டனை பெற்றோர் மட்டுமல்ல, குற்றம் சாட்டப்பட்டோரின் படங்களும் அத்தளத்தில் உண்டு. காணாமற்போனோரைத் தேடவும் உதவும். அந்தப் பயன் மெய்யானதே. ஆனால் முகங்கள் தவறாகப் பொருந்துவதும் உண்டு. அப்படிப் பொருந்தினால், இரவில் தாம்பரம் ரயில் நிலையத்துக்கு வெளியே நிறுத்தப்படும் கூலித் தொழிலாளிதான் விடை சொல்லியாக வேண்டும். இத்தகைய பிழைகள் எத்தனை என்று வெளியிட எந்தச் சட்டமும் காவல்துறையைக் கட்டாயப்படுத்தவில்லை. முக அடையாளத்துக்கென இந்தியாவில் தனிச் சட்டமே இல்லை.

பாதுகாப்பும் உறுதியாக இல்லை. 2024 மே மாதம், ஒரு பயனர் கணக்கின் கடவுச்சொல்லைக் கொண்டு இத்தளத்துக்குள் அத்துமீறி நுழைந்தனர். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு அமைப்புகளுக்கு அறிவிக்கை வழியே விலக்களிக்க ஒன்றிய அரசுக்கு இடம் தருகிறது.