பாகூ: எண்ணெய் நகரமும் இலக்கியத்தின் கண்ணும்

காஸ்பியன் கடலோரத்துப் பாகூ நகரை உலக வாசகர்களில் பலர் ஒரு நாவலின் வழியாகவே அறிந்திருக்கிறார்கள். 1937இல் வியன்னாவில், குர்பான் ஸயீத் என்னும் புனைபெயரில், ஜெர்மன் மொழியில் வெளிவந்த 'அலீயும் நீனோவும்' என்பதே அந்நாவல். உயர்குடி முஸ்லிம் இளைஞன் அலீ கானும் ஜார்ஜியக் கிறித்தவ இளவரசி நீனோவும் கொண்ட காதலே அதன் கதை. 1970இல் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டபின் அது உலகெங்கும் பரவியது. 2016இல் திரைப்படமாகவும் வந்தது. அந்நாவலின் அழகை மறுப்பதற்கில்லை. ஆயினும், எண்ணெயால் வளர்ந்த நகரின் கதையில் எண்ணெய் எடுத்தவன் எங்கே என்ற கேள்வியை எழுப்பாமல் அதை வாசித்து முடிப்பது சரியாகாது.

நாவல் ஒரு வகுப்பறையில் தொடங்குகிறது. பாகூ ஐரோப்பாவைச் சேர்ந்ததா, ஆசியாவைச் சேர்ந்ததா என்று ரஷ்ய ஆசிரியர் மாணவர்களிடம் பேசுகிறார். அன்று எழும் அந்தக் கேள்வியே கதை முழுவதையும் நடத்திச் செல்கிறது. பழைய கோட்டை நகரம் கிழக்கு. மதிலுக்கு வெளியே எழுந்த புதிய நகரம் மேற்கு. அலீயின் உள்ளம் ஒன்றில், நீனோவின் உள்ளம் மற்றொன்றில். 1920இல் போல்ஷெவிக் படையை எதிர்த்துக் கஞ்சா நகரின் பாலத்தருகே அலீ வீழும்வரை இந்த இரட்டைநிலை நீங்குவதில்லை. ஆனால் கதையை நகர்த்துவோரில் ஒருவர்கூட எண்ணெய்க் கிணற்றில் கூலிக்கு உழைப்பவர் அல்லர். எண்ணெய் அங்கே தொலைவில் தெரியும் ஒரு பின்புலம் மட்டுமே.

வரலாறு காட்டும் பாகூ வேறு. 1846இலேயே பீபீ ஹைபத்தில் எண்ணெய்க்காகத் துளையிட்டுக் கிணறு தோண்டினார்கள். அமெரிக்காவின் பென்சில்வேனியாக் கிணற்றுக்கு அது 13 ஆண்டுகள் முந்தியது. எனினும் பெருக்கம் வந்தது 1872இல்தான். அவ்வாண்டில் ரஷ்ய அரசு குத்தகை முறையை ஒழித்து, எண்ணெய் நிலங்களை ஏலத்தில் விட முற்பட்டது. நோபல் சகோதரர்கள் வந்தனர். பின்னர் ரோத்ஸ்சைல்டு குடும்பத்தின் மூலதனமும் வந்தது. 1878இல் நோபல் நிறுவனத்தார் எண்ணெய் வயலிலிருந்து சுத்திகரிப்பு ஆலைக்குக் குழாய் அமைத்தார்கள். பீப்பாய்களை வண்டியில் ஏற்றிப் பிழைத்தவர்களின் வாழ்வு அதனால் குலைந்தது. 1883இல் இருப்புப்பாதை கருங்கடல் துறைமுகமான பாத்தூமியைத் தொட்டது. 1901இல் உலக எண்ணெயில் ஏறத்தாழப் பாதி பாகூவிலிருந்து கிடைத்தது. 1860களில் பதினைந்தாயிரம் பேர் அளவில் இருந்த ஊர், 1913இல் இரண்டு இலட்சத்தைக் கடந்த நகரமாயிற்று.

அந்நகரின் அன்றாடம் எப்படி இருந்தது? குடிக்க நல்ல நீர் இல்லை. கிணற்று நீர் உப்பு; கடல்நீரைக் காய்ச்சி வடித்துப் பருக வேண்டியிருந்தது. தொலைவிலுள்ள ஷொல்லார் ஊற்றுகளின் நீர் குழாய்வழி நகருக்கு வந்தது 1917இல்தான். ஆலைகள் நெருங்கிய பகுதிக்குக் 'கருநகரம்' என்றே பெயர். புகையும் கரியும் இட்ட பெயர் அது. அதனருகிலேயே நோபல் நிறுவனம் 1880களில் தன் அலுவலர்களுக்காக வெளியிலிருந்து மண் கொணர்ந்து மரம் நட்டுப் பசுஞ்சோலைக் குடியிருப்பு ஒன்றை எழுப்பியது. பலாகானி போன்ற வயல்களிலோ எண்ணெய் ஊறிய சேற்றின் நடுவே தொழிலாளர் குடிசைகள் இருந்தன. அவர்களுள் ஈரானிலிருந்து அராஸ் ஆற்றைக் கடந்து வந்த ஏழை முஸ்லிம்கள் மிகப் பலர். 'ஹம்ஷஹ்ரி', அதாவது ஒரே ஊர்க்காரர், என்று அவர்களை அழைத்தார்கள். பெயரில் உறவு இருந்தது. கூலியில் அவர்களே கடைசிப் படியில் நின்றார்கள்.

இங்கே முஸ்லிம் வாசகரின் மனம் வேறொரு பக்கம் திரும்பும். ஹாஜி ஸைனுல் ஆபிதீன் தகியேவ் இல்லையா? செருப்புத் தைப்பவரின் மகனாகப் பிறந்து, கொத்து வேலை செய்து, பீபீ ஹைபத்தில் எண்ணெய் பீறிட்டதால் செல்வரானவர் அவர். 1883இல் நாடக அரங்கு கட்டினார். ஃபுஸூலியின் காவியத்தைத் தழுவிய உஸேயிர் ஹாஜிபேயோவின் 'லைலா மஜ்னூன்' இசைநாடகம் 1908இல் அங்குதான் அரங்கேறியது. கடும் எதிர்ப்புக்கிடையே 1901இல் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கு நவீனக் கல்விக்கூடம் திறந்தார். ஷொல்லார் நீர்த் திட்டத்திற்காகவும் பாடுபட்டார். சோவியத் ஆட்சி அவரது சொத்தைப் பறித்தது; 1924இல் மர்தகானில் காலமானார். அவர் திறந்த பள்ளியின் கட்டடத்தில் இன்று சுவடிகள் நிறுவனம் இயங்குகிறது. ஆட்சி அதிகாரம் கையில் இல்லாத ஒரு சமுதாயம் தன் செல்வத்தைக் கல்வியாக மாற்றிக்கொண்ட அரிய முன்மாதிரி இது. இதைக் குறைத்து மதிப்பிடுவது நன்றிகேடு. ஆனால் இதை மட்டுமே பாகூவின் வரலாறாகச் சொல்வதும் நாவலாசிரியர் செய்ததையே நாமும் செய்வதாகும். 1904 டிசம்பரில் எண்ணெய்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து ஒன்பது மணி நேர வேலைநாளை எழுத்தில் பெற்றார்கள். கொடையாளிகள் அளித்த தர்மமன்று அது. கேட்டுப் பெற்ற உரிமை.

இந்த இடைவெளியை அன்றே கண்டவர்கள் அம்மண்ணின் எழுத்தாளர்கள்தாம். 1906இல் திஃப்லிஸ் நகரில் 'முல்லா நஸ்ருத்தீன்' என்னும் அங்கத வார இதழைத் தொடங்கிய ஜலீல் மம்மத்குலிஸாதா, அவ்வாண்டிலேயே 'ஈரானில் சுதந்திரம்' என்ற சிறுகதையை எழுதினார். தாயகத்தில் சுதந்திரம் வழங்கப்பட்டதாகக் கேள்விப்படும் ஒரு ஈரானியக் கூலி, அது ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிடப்படும் பொருள் என நினைத்து, தன் பங்கை வாங்கி வைக்கும்படி ஊருக்குக் கடிதம் எழுதுவிக்கிறான். நாம் முதலில் சிரிக்கிறோம். பிறகு, அவன் வாழ்வில் எதுவும் அவனுக்குப் பங்காக வந்ததில்லை என்பது உறைக்கிறது. அதே இதழில் எழுதிய கவிஞர் மிர்ஸா அலி அக்பர் ஸாபிர், தொழிலாளியும் தன்னை மனிதனாக எண்ணத் துணிந்ததைக் கண்டு சினக்கும் செல்வரின் குரலிலேயே கவிதை புனைந்தார். பழிப்பவனின் வாயாலேயே பழியை வெளிப்படுத்தும் உத்தி அது. ஷமாக்கியில் சோப்புக் காய்ச்சி வாழ்ந்த அவர், 1910இல் பலாகானியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றினார். மறு ஆண்டே மறைந்தார். எண்ணெய்ச் சேற்றை மிதித்துப் பள்ளிக்கு வந்த பிள்ளைகளை நேரில் கண்டவர் அவர்.

நாவலாசிரியர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எண்ணெய்த் தொழிலதிபர் ஒருவரின் மகனாகப் பிறந்து, பெர்லினில் இஸ்லாத்தைத் தழுவிய அசத் பே என்ற லேவ் நுஸிம்பௌம்தான் அவர் என்பது வலுவான கருத்து. அது உண்மையாயின், பதின்ம வயதில் ஊரை இழந்த ஒருவரின் ஏக்கமே அந்நாவல். ஏக்கம் நினைவைக் கழுவித் தூய்மையாக்கிவிடும். கரியும் சேறும் அதில் மிஞ்சுவதில்லை. அதற்காக அவரைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஏக்கத்தையே வரலாறாக ஏற்றுக்கொள்ளும் வாசகரே தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய காரணம் அருகிலேயே இருக்கிறது. வளைகுடாவின் எண்ணெய் நகரங்களுக்குச் சபர் சென்றவர்களின் உழைப்பால் பள்ளிவாசல்களும் மதரஸாக்களும் கல்லூரிகளும் எழுந்த ஊர்கள் நம்மிடையே பல. அவற்றின் வாயிலில் உள்ள கல்வெட்டுகளில் கொடையாளிகளின் பெயர்கள் இருக்கின்றன, இருக்கட்டும். வெயிலில் குழாய் பதித்தவரின் அன்றாடம், எட்டுப் பேர் உறங்கிய அறை, ஈராண்டுக்கொரு முறை தந்தையைக் கண்ட பிள்ளையின் கூச்சம் ஆகியவை எந்தக் கல்வெட்டில் ஏறும்? தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலி தரச் சொன்ன நபிமொழியை ஓதி வளர்ந்த சமுதாயம் நாம். அந்த வியர்வைக்கு நம் எழுத்திலும் ஓர் இடம் கடனாக நிற்கிறது. பாகூவுக்கு ஒரு ஸாபிர் வாய்த்தார். நம் சபராளிகளின் கதையை நாம் யாரிடம் ஒப்படைத்திருக்கிறோம்?