கோழி இனமும் குருதிக் கணக்கும்

கருங்கோழியின் குருதியில் இரும்பு மிகுதி, சோகைக்கு அது கைகண்ட மருந்து என்னும் பேச்சு சிட்லபாக்கம், தாம்பரம் வட்டாரத்தில் பரவலாகக் கேட்கிறது. அசில் இவ்வளவு, லெகார்ன் இவ்வளவு, கடக்நாத் இவ்வளவு என்று இனவாரியான குருதிப் பட்டியல்களும் சான்றாகக் காட்டப்படுகின்றன. எண்கள் இருப்பதனாலேயே ஒரு கூற்று அறிவியலாகிவிடுமா? அளவீட்டைக் கற்பிக்கும் இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் இப்பட்டியல்களை உரசிப் பார்க்க விரும்புகிறேன்.

முதலாவது, நிறம். கடக்நாத் மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா பகுதிக் கோழி. அதன் இறைச்சி 2018-இல் புவிசார் குறியீடு பெற்றது. தோலிலும் தசையிலும் மெலனின் என்னும் நிறமி படிவதே அதன் கருமைக்குக் காரணம். இரும்பைத் தாங்கிக் குருதிக்குச் செந்நிறம் தருவதோ ஈமோகுளோபின். ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அளக்க இயலாது.

இரண்டாவது, ஒப்பீடு. வளர்ந்த சேவலுக்குப் பெட்டையைவிடச் செவ்வணுக்கள் மிகுதி. முட்டையிடும் பெட்டையின் குருதியில், 100 மில்லி லிட்டருக்குச் சுமார் 10 மில்லி கிராமாக இருந்த கால்சியம் 20-ஐயும் தாண்டும்; கொழுப்பும் கூடும். கோழி தொல்லைக்கு ஆளானால் வெள்ளணு வகைகளின் விகிதமே மாறும் என்பதைக் கிராஸ், சீகல் என்னும் இருவர் 1983-இல் எடுத்துக் காட்டினர். ஆகவே, அசில் சேவலையும் முட்டையிடும் லெகார்ன் பெட்டையையும் ஒரே பட்டியலில் நிறுத்தினால், நாம் காண்பது இன வேறுபாடா, பால் வேறுபாடா?

மூன்றாவது, கருவி. பறவைகளின் செவ்வணுவில் உட்கரு உண்டு. மனிதக் குருதிக்கென அமைந்த தானியங்கி எண்ணி அவற்றை வெள்ளணுக்களாகக் கணக்கிட்டுவிடக் கூடும். இதனாலேயே, நாட், ஹெரிக் ஆகியோர் 1952-இல் வெளியிட்ட சாயக் கரைசலைக் கொண்டு நுண்ணோக்கியில் எண்ணும் முறை இன்றும் வழக்கில் உள்ளது.

நான்காவது, சிதறல். ஓர் எடுத்துக்காட்டு: இரண்டு இனங்களில் ஆறு ஆறு கோழிகள். ஈமோகுளோபின் சராசரி ஒன்றில் 10.2 கிராம், மற்றதில் 9.8 கிராம், ஒவ்வொன்றிலும் சிதறல் 1.5 கிராம் என்று கொள்வோம். வேறுபாடு 0.4, அவ்வேறுபாட்டின் பிழையோ ஏறத்தாழ 0.9. பிழையைவிடச் சிறிய வேறுபாட்டை வைத்து எந்த இனத்துக்கும் முடிசூட்ட முடியாது.

இனங்களுக்கிடையே வேறுபாடே இல்லை என்று நான் கூறவில்லை. வயது, பால், தீவனம், கொட்டகை, குருதி எடுத்த நேரம் அனைத்தும் ஒன்றாக இருக்கையில் கிடைக்கும் வேறுபாடு மதிக்கத்தக்கது. கோழியின் உடல்நலத்தை அறியவும் அது உதவும்.

ஆனால் உண்பவருக்கு? அறுக்கும்போதே குருதியின் கணிசமான பகுதி வடிந்துவிடுகிறதே! 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்குச் சோகை உண்டு. மருத்துவரிடம் காட்டி இரும்புச்சத்து மாத்திரை உண்ண வேண்டியவர், கூடுதல் விலை கொடுத்து வாங்கிய கருங்கோழியை நம்பி நாள் கடத்தினால், பட்டியலின் பிழை அவர் உடலில் முடியும்.

இனி எவரேனும் பட்டியலை நீட்டினால் கேளுங்கள்: எத்தனை கோழிகள்? என்ன வயது? சேவலா, பெட்டையா? பிழை எவ்வளவு? விடை இல்லையெனில் அது விளம்பரம், அறிவியலன்று.